ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி

ஹேக் நகரத்து வக்கீல்களிடம் யகோமினா ஸ்டேகட்டேயைப் பற்றிக் கேட்டால், "நல்ல வக்கீல்தான், ஆனா..." என்று இழுப்பார்கள். அதோடு சரி. காபியைக் கலக்கிக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று அவர்கள் சொல்லாததால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் ஊர் யெர்சக. கடற்கழியில் சிப்பி வளர்த்து, பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் லாரியில் ஏற்றி அனுப்புகிற ஊர். அப்பா மரினஸ் சிப்பி வியாபாரி. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகக் கோபப்படுவார். மகளுக்கு அவரிடமிருந்து வந்தது அந்தக் கடைசிச் சொத்து மட்டும்தான் என்று அம்மா சொல்வாள். வீட்டில் அவளை மினா என்று கூப்பிட்டார்கள்.

மினா பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில், லாரி நிறைய உயிருள்ள சிப்பியைப் பிரெஞ்சு எல்லையில் நிறுத்திவிட்டார்கள். சுகாதாரச் சான்றிதழில் குத்தியிருந்த முத்திரை நீள்வட்டமாக இருந்ததாம். வட்டமாக இருந்திருக்க வேண்டுமாம். உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். அந்த வாரம் பிரெஞ்சுக் கரையோரச் சிப்பிக்காரர்கள், வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரக்கூடாது என்று சாலையை மறித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் லாரி நின்றது. சிப்பியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு செத்தது.

"வட்டமாம்! முத்திரை வட்டமா இருக்கணுமாம்!" அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறை மேசையை ஓங்கி அடித்தார். "போன வாரம் வரைக்கும் இதே முத்திரையைப் பாத்துத்தானடா உள்ள விட்டீங்க!"

"இதை யார்கிட்டப்பா போய்க் கேக்கறது?"

"யார்கிட்டயும் கேக்க முடியாது. அவன் நாடு, அவன் எல்லை, அவன் வச்சதுதான் சட்டம். நீ போய்ப் படி, போ."

செத்த சிப்பியின் நாற்றத்தைவிட அந்தப் பதில்தான் அவளுக்குக் குமட்டியது. ஒரு நாட்டை நிறுத்திவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிற இடம் எங்கேயாவது இருந்தே தீர வேண்டும் என்று நினைத்தாள். அதற்காகவே சட்டம் படிக்கப் போனாள்.

அங்கேதான் டீடரிக் ரோசண்டால் பேராசிரியராக வாய்த்தார். உயரமான மனிதர், கசங்காத சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மினா மட்டும் கையைத் தூக்கி வாதாடிக்கொண்டிருப்பாள். அவருக்கு அது பிடித்திருந்தது. படிப்பு முடிந்ததும் அவளைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். அப்போது அவர் ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். நாடுகள் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பற்றியது. எது வாக்குறுதி, எது வெறும் பேச்சு? அவர் சொல்லச் சொல்ல அந்த அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தவள் மினா. "அமைச்சர் மேடையில் பேசுவது காற்று. கையெழுத்திட்டதே கடமை." இந்த வரி நன்றாயிருக்கிறது என்று அவள் சொன்னபோது, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பிறகு ஜெனீவாவுக்குப் போனாள். நாடும் நாடும் வர்த்தகத்தில் மோதிக்கொள்கிற ஊர் அது. வினிகரில் ஊறிய வெங்காயம் காய்கறியா, ஊறுகாயா என்று ஒரு வழக்கில் ஒன்றரை ஆண்டு வாதாடினாள். காய்கறிக்கு ஒரு வரி, ஊறுகாய்க்கு இன்னொரு வரி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மினா சிரிக்கவில்லை. வெங்காயம் அனுப்புகிறவன் எங்கேயோ ஒருவன் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையை அடித்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பதை நெருங்கும்போது ஹேக் நகருக்கு வந்து, ஹெசல் என்ற பழைய வகுப்புத் தோழனின் சட்ட அலுவலகத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தாள். இங்கே வேலை வேறு மாதிரி. முதலீட்டு வழக்குகள். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தான் பணம் போட்ட நாட்டின் மீதே வழக்குப் போடலாம். நாடுகளுக்கிடையே போட்ட ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. நீதிமன்றம் கிடையாது. மூன்று நடுவர்கள். ஒருவரைக் கம்பெனி நியமிக்கும், ஒருவரை நாடு நியமிக்கும், தலைவர் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டவராக இருக்க வேண்டும். அவர்கள் சொன்னதுதான் தீர்ப்பு.

இந்த நடுவர்கள் வானத்திலிருந்து குதிப்பவர்கள் அல்ல. இன்றைக்கு நடுவராக உட்காருகிறவர் நாளைக்கு வேறொரு வழக்கில் கறுப்புக் கோட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வக்கீலாக வருவார். அவருக்கு எதிரே வாதாடியவர் அடுத்த மாதம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நடுவராக உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பிறந்தநாளுக்கு வைன் அனுப்பிக்கொள்வார்கள். இது சரியில்லை என்று மினாவுக்கு எப்போதும் ஓர் உறுத்தல் இருந்தது. ஆனால் அவளும் அதே விருந்துகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஔரேலியா வந்தாள். கிழக்கே, கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டின் அரசு வக்கீல் ஔரேலியா முன்டியானு. அவள் ஊரில் ஒரு நகரத்துக் குடிநீர் முழுவதையும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் அமைச்சர் ஒருவர் மாலையும் கழுத்துமாக நின்று, "இந்தக் கம்பெனியை எங்கள் அரசு கடைசிவரை கைவிடாது" என்று முழங்கினார். நான்கைந்து ஆண்டுகளில் கட்டணம் ஏறிற்று, குழாயில் வந்த தண்ணீர் பழுப்பாயிற்று, ஒரு பள்ளியில் பிள்ளைகள் கூட்டமாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ஆட்சி மாறியதும் குத்தகையை ரத்து செய்தார்கள். கம்பெனி உடனே வழக்குப் போட்டது. குத்தகைப் பத்திரத்தில் அதற்குச் சாதகமாக ஒரு வரியும் இல்லை. ஆகவே அமைச்சரின் மேடைப்பேச்சைப் பிடித்துக்கொண்டது: அது அரசின் வாக்குறுதி, அதை நம்பித்தான் பணம் போட்டோம்.

அந்த நாட்டுக்காக வாதாட மினா ஒத்துக்கொண்டாள். தலைவராக டீடரிக் ரோசண்டால் பெயரை முன்மொழிந்தார்கள்.

"இவர் எப்படி?" என்று ஔரேலியா கேட்டாள்.

"கண்ணை மூடிட்டு ஒத்துக்கோங்க" என்றாள் மினா. "மேடைப்பேச்சு காத்துன்னு எழுதினவரே இவர்தான். இவரைவிட நேர்மையான ஆளை நான் பாத்ததில்லை."

தலைவர் அவரே ஆனார்.

விசாரணைக்குச் சில மாதம் முன்பு, ஹேக் நகரத்தை ஒட்டிய ஸ்கேவனிங்கன் கடற்கரையில் ஹெரிங் மீன் விற்கிற வண்டியருகே மினா நின்றிருந்தாள். பச்சை மீனை வெங்காயத்தில் புரட்டி வாலைப் பிடித்து வாயில் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், தெரிந்த பெல்ஜிய வக்கீல் ஒருவர் வந்து தோளைத் தட்டினார். ஏதோ மாநாட்டுக்கு வந்தவர்.

"உங்க பழைய வாத்தியார் எங்களைப் பாரிஸ்ல வறுத்து எடுக்கறார், மினா."

"எங்க வாத்தியாரா? அவர் எங்க அங்க வந்தார்?"

"எதிர்த்தரப்பு வக்கீலே அவர்தானே. அமைச்சர் பேசினாலே போதும், அது அரசாங்கத்தோட சத்தியம்னு நாலு மணி நேரம் நின்னு பேசறார். கண்ணுல தண்ணி வராத குறை." சொல்லிவிட்டு அவருக்கே உறைத்தது. பாரிஸ் வழக்கு மூடிய கதவுக்குள் நடப்பது. "நான் ஒண்ணும் சொல்லலை, சரியா? நீ ஒண்ணும் கேக்கலை."

மினா பாதி மீனைத் தட்டிலேயே வைத்தாள். கடற்பறவை ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கணக்கு எளிது. பாரிஸில் ரோசண்டால் ஒரு கம்பெனியின் வக்கீல். மேடைப்பேச்சு வாக்குறுதிதான் என்று வாதாடக் கூலி வாங்குகிறார். ஹேக்கில் அதே ரோசண்டால் நடுவர். மேடைப்பேச்சு வாக்குறுதியா இல்லையா என்று முடிவு செய்யப் போகிறவர். இங்கே அவர் "இல்லை" என்று எழுதினால், அந்தத் தீர்ப்பை எதிர்த்தரப்பு பாரிஸில் எடுத்துவந்து அவர் முகத்தில் வீசும். "ஆம்" என்று எழுதினால் பாரிஸில் அவர் கட்சிக்காரருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மினா அவசரப்படவில்லை. முறைப்படி வழக்கிலேயே ஒரு கேள்வி வைத்தாள்: இந்த வழக்கின் அதே பிரச்சனை எழுகிற வேறு வழக்கில், நடுவர்களில் யாராவது வக்கீலாக இருக்கிறார்களா? மற்ற இருவரும் இல்லை என்றார்கள். தலைவரிடமிருந்து வந்த பதில், "என் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய எதுவும் இல்லை."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாதிக்காது என்று சொன்னார். அந்த வாக்கியத்தைப் படித்தபோதுதான் மினாவுக்கு உண்மையான கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு மனிதனின் பயம் என்று விட்டிருப்பாள். இது பயமில்லை. என்னை நானே எடைபோட்டுக்கொண்டேன், நீங்கள் வாயை மூடுங்கள் என்கிற திமிர்.

நடுவரை விலக்கக் கோரி மனுப் போடப்போகிறேன் என்று அவள் சொன்னதும், ஹெசல் எழுந்து கதவைச் சாத்தினான்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? ரோசண்டாலையா?"

"ஆமா, ரோசண்டாலைத்தான். அவர் பேருல என்ன தங்கமா பூசியிருக்கு?"

"அவர் முன்னாடி நமக்கு இன்னும் ரெண்டு வழக்கு இருக்கு. அவர் சிபாரிசுல வந்த கட்சிக்காரங்க பாதிப் பேர். இந்த மனு போட்டா அடுத்த நாளே ஊர் பூரா தெரியும். நம்ம வீட்டு வாசல்ல எவனும் செருப்பு விடமாட்டான்."

"அவர் செஞ்சது தப்பா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

ஹெசல் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் செய்யறாங்க, மினா."

"எல்லாரும் செஞ்சா அது பழக்கம். நியாயம் ஆயிடுமா?"

"மனு தோக்கும். தோத்தப்பறம் அதே ஆள் முன்னாடி போய் நின்னு வாதாடணும். அதை யோசிச்சியா? உன் கட்சிக்காரிக்கு நல்லது செய்யறதா நெனச்சு அவ கழுத்துல கயிறு மாட்டாதே."

அதில் நியாயம் இருந்தது. ஆகவே அவள் ஔரேலியாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மனு தோற்கலாம், தோற்றால் தலைவருக்கு நம்மேல் வன்மம் வரலாம், நடுவர் பெயருக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னவளும் நான்தான். ஔரேலியா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாங்க சும்மா இருந்தா அவர் எங்களுக்கு நல்லது செய்வாரா?"

"மாட்டார்."

"அப்பறம் எதுக்கு அவரைப் பாத்து பயப்படணும்? எங்க ஊர்ல நகராட்சி மீட்டர்காரனே, மாமன் மச்சான் வீட்டு மீட்டரைப் படிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இங்க இல்லையா?" அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். "போடுங்க மனுவை."

மனு போன மறுநாள் மாலை மினாவின் கைப்பேசியில் ரோசண்டால் பெயர் வந்தது.

"மினா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? ஒரு வார்த்தை என்கிட்ட..."

"நீங்க எனக்கு ஃபோன் பண்ணவே கூடாது, ப்ரொஃபசர். நான் உங்க முன்னாடி வழக்காடற வக்கீல். இது உங்களுக்குத் தெரியாதா?"

"நான் உன்னை வளர்த்தவன்."

"சிப்பி வித்து வளர்த்தவர் யெர்சகவுல இருக்கார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் காலை இந்த அழைப்பையும் எழுதி எதிர்த்தரப்புக்கும் நடுவர்களுக்கும் அனுப்பினாள். அதைப் பார்த்துத்தான் ஹெசல் அவளோடு பேசுவதை நிறுத்தினான்.

இப்படி ஒரு மனு வந்தால் அதை முடிவு செய்வது யார் தெரியுமா? அதே மேசையில் அவரோடு உட்கார்ந்திருக்கும் மற்ற இரண்டு நடுவர்கள். விதி அப்படி. அந்த இருவரும் பன்னிரண்டு பக்கத்தில் எழுதினார்கள்: பாரிஸ் வழக்கு பற்றி மனுதாரரிடம் சான்று ஏதும் இல்லை. இருந்தாலும், தலைவர் நீண்ட அனுபவமுள்ளவர், வக்கீல் வேலையையும் நடுவர் வேலையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். மனு தள்ளுபடி.

வீட்டில் கணவன் யூரியான் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் இசை கற்பிக்கிறவன். அமைதியானவன். மினா சமையலறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"தனித்தனியா வச்சுக்குவாராம்! திங்கட்கிழமை பாரிஸ்ல வாதாடுவார், வியாழக்கிழமை இங்க வந்து தனக்குத்தானே தலையாட்டிக்குவார். மண்டைக்குள்ள சுவரா கட்டியிருக்காங்க? கதவு ஜன்னல் இல்லாத சுவரா?"

"கத்தி என்கிட்ட இருக்குங்கறதை மனசுல வச்சுக்கிட்டு நட" என்றான் யூரியான். "சரி, சான்று இல்லைன்னு சொன்னாங்கல்ல?"

"சான்றை அவர்தானே குடுக்கணும்! மூடின கதவுக்குள்ள இருக்கறதை நான் எப்படிக் கொண்டுவர்றது? திருடினவன்கிட்டயே சாவி, திருட்டை நிரூபிக்கணும்னா கதவைத் திறந்து காட்டுன்னா எப்படி?"

"நாளைக்கு விலகிடேன்."

"விலகவா? நானா? விலக வேண்டியவன் அங்க தலைவர் நாற்காலில உக்காந்திருக்கான்!" பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். மினா சுவரைத் திருப்பித் தட்டினாள்.

விசாரணை வந்தது. ரோசண்டால் முகத்தில் கோபத்தின் நிழல்கூட இல்லை. அவளுக்கு வணக்கம் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த மரியாதைதான் அவளுக்கு மிளகாய் தேய்த்த மாதிரி இருந்தது. கம்பெனியின் சாட்சியை அவள் குறுக்கு விசாரணை செய்தபோது, அமைச்சர் பேசிய மொழி தனக்குப் புரியவே புரியாது, யாரோ பிறகு மொழிபெயர்த்துச் சொன்னார்கள் என்று அந்த ஆள் ஒத்துக்கொண்டான். புரியாத பேச்சை நம்பிப் பணம் போட்டானாம். ஔரேலியா மேசைக்கடியில் மினாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். தலைவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசி வாதத்தின்போது அவர் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"ஒரு அமைச்சர் பகிரங்கமாக் குடுத்த உறுதியை ஒண்ணுமில்லைன்னு தள்ளணும்கறீங்க. இதுக்கு மதிக்கத்தக்க ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு, தலைவர் அவர்களே. நீங்க எழுதினது." மினா பக்க எண்ணைச் சொன்னாள். பார்க்காமலே ஒப்பித்தாள். "அமைச்சர் மேடையில் பேசுவது காற்று. கையெழுத்திட்டதே கடமை."

அவர் புன்னகைத்தார். "அது பழைய கதை. மனுஷன் வாழ்நாள் பூரா கத்துக்கிட்டே இருக்கான்."

"தாராளமா கத்துக்கட்டும். நான் தெரிஞ்சுக்க விரும்பறது ஒண்ணே ஒண்ணு. நீங்க மனசு மாறினது பாரிஸ் வழக்கை வாங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். பேசுவதையெல்லாம் எழுத்தாக்கிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. இதையும் அடிக்கவா என்று கண்ணால் கேட்டாள். "அடிங்க" என்றாள் மினா. "என் பேரோட அடிங்க." கம்பெனி நியமித்த நடுவர் தன் பேனாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசண்டாலின் கழுத்து மட்டும் சட்டைக் காலருக்கு மேலே மெதுவாகச் சிவந்தது. "தேநீர் இடைவேளை" என்றார்.

தீர்ப்பில் தோற்றார்கள். இரண்டுக்கு ஒன்று. மேடைப்பேச்சு வாக்குறுதிதான் என்று தலைவர் எழுதியிருந்தார். தன் பழைய நூலைப் பற்றி மூச்சு விடவில்லை. நாடு நியமித்த ஃபின்லாந்துக்கார அம்மாள் மட்டும் மாறுபட்டு இரண்டு பக்கம் எழுதினார். தலைவரை விலக்க வேண்டாம் என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதும் இதே அம்மாள்தான்.

ஹெசல் அலுவலகக் கூட்டத்தில் மிகவும் நாகரிகமாகப் பேசினான். இரு தரப்புக்கும் நல்லது, புதிய பாதை, நட்பு தொடரும். "முதுகுல குத்தறதுன்னா நேரடியாக் குத்து, ஹெசல். பூங்கொத்துக்குள்ள வச்சுக் குத்தாதே" என்று சொல்லிவிட்டு மினா தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினாள். ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள். கீழே சக்கரம் சுற்றுகிற சத்தம், ரப்பர் வாசனை. விருந்து அழைப்புகள் நின்றன. மாநாடுகளில் அவள் வந்து உட்கார்ந்தால் அந்த வரிசை மெதுவாகக் காலியாகும். நேருக்கு நேர் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஒருத்தனாவது வந்து என்னைத் திட்டுங்கடா" என்று யூரியானிடம் கத்துவாள். "எங்க பள்ளிக்கூடத்துக்கு வா, நிறைய பேர் திட்டுவாங்க" என்பான் அவன்.

ஆனால் ஔரேலியா அவளை விடவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. நடைமுறையில் பெரிய கோளாறு இருந்தால் மட்டும் ரத்து செய்யக் கேட்கலாம். கோளாறு இருந்தது, கையில் சான்று இல்லை.

சான்று ரோசண்டாலிடமிருந்தே வந்தது. பாரிஸ் வழக்கில் தோற்ற நாட்டின் பாராளுமன்றத்தில் பெரிய ரகளை நடந்து, வழக்குப் பத்திரங்கள் எல்லாவற்றையும் மக்கள் முன் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவற்றில் கம்பெனி வக்கீலின் கடைசி வாதம் இருந்தது. மேடைப்பேச்சு வாக்குறுதியே என்பதற்கு அவர் ஓர் ஆதாரம் காட்டியிருந்தார்: ஹேக்கில் புத்தம்புதிதாக வந்த ஒரு தீர்ப்பு. மினாவின் வழக்கின் தீர்ப்பு. தானே நடுவராக எழுதியதை, தானே வக்கீலாக மேற்கோள் காட்டியிருந்தார். "கற்றறிந்த நடுவர்களின் தெளிவான முடிவு" என்று வேறு புகழ்ந்திருந்தார்.

அதைப் படித்த மினா சைக்கிள் கடை மாடியில் எழுந்து நின்று போட்ட கூச்சலில், கீழே கடைக்காரர் கையிலிருந்த திருகுசாவியைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்.

"என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லைங்க. கற்றறிந்த நடுவராம்! தன்னைத்தானே கற்றறிந்தவர்ங்கறான்!"

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், "திமிர் பிடிச்சவன்" என்று ஆமோதித்துவிட்டு இறங்கிப் போனார்.

தீர்ப்பு ரத்தானது. புதிதாக நியமித்த மூவர் குழு அதற்கு இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. ரோசண்டால் செய்ததைப் பற்றி அந்தக் குழு பயன்படுத்திய மிகக் கடுமையான சொல், "வருந்தத்தக்கது." தண்டனை இல்லை, தடை இல்லை. கம்பெனி மறுபடி முதலிலிருந்து வழக்காட மனமில்லாமல் பின்வாங்கியது. ஔரேலியாவின் நாடு ஏதோ ஒரு சமரசத்தில் கையெழுத்திட்டது. அந்த நகரத்துக் குழாயில் இப்போது தெளிந்த தண்ணீர் வருகிறதாம். அன்றைக்கு வயிற்றுப்போக்கில் விழுந்த பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மினா வென்றாள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

"திருப்தியா?" என்று ஔரேலியா தொலைபேசியில் கேட்டாள்.

"இல்லை."

"எனக்கும்தான். அடுத்த வழக்கு ஒண்ணு வருது, ரயில் பாதை விஷயம். எடுத்துக்கறீங்களா?"

"அனுப்புங்க."

சின்ன நாடுகளிலிருந்து அப்படித்தான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அந்த அம்மாள் யாருக்கும் அஞ்சமாட்டாள் என்று எங்கேயோ ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். கீழே சைக்கிள் ரிப்பேருக்கு வருபவர்களோடு மேலே அந்த அரசுகளின் துணைச் செயலாளர்களும் படியேறினார்கள்.

போன மார்ச்சில் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் ரோசண்டாலை எதிர்பாராமல் பார்த்தாள். ரயில் தாமதம். நடைமேடையில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. அவருக்கு வயதாகிவிட்டது, சட்டை மட்டும் அன்று போலவே கசங்காமல் இருந்தது. அவருடைய மாணவர்கள் சேர்ந்து அவர் பெயரில் ஒரு பாராட்டு மலர் வெளியிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளிடம் கட்டுரை கேட்கவில்லை.

"நீ என்னை அவமானப்படுத்திட்டே, மினா" என்றார் அவர், வணக்கத்துக்குப் பதிலாக. "நான் யாரையும் ஏமாத்தலை. ரெண்டு இடத்துலயும் நான் நம்பினதைத்தான் சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நின்றுகொண்டிருந்த தரையே கொதிப்பது போல் இருந்தது அவளுக்கு.

"நீங்க நம்பினதுக்கு ரெண்டு நாற்காலி கெடச்சுது, ப்ரொஃபசர். அந்த ஊர்ப் பிள்ளைங்க குடிச்ச தண்ணிக்கு ஒரு நாற்காலிகூடக் கெடைக்கலை. நீங்க நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கவே இல்லை. ரெண்டுல ஒண்ணுலேருந்து எழுந்திரிங்கன்னுதான் கேட்டேன். அதைக்கூட உங்களால செய்ய முடியலை."

"நீ எப்பவுமே கோபக்காரி" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு, வகுப்பறையில் சொல்வது போல.

"ஆமா. நல்ல வேளை."

ரயில் வந்தது. அவர் முதல் வகுப்பில் ஏறினார். அவள் கண்ணில் பட்ட பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் யூரியான் கூப்பிட்டான். உருளைக்கிழங்கு வாங்கிவர வேண்டுமா என்று கேட்கத்தான். அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிற்று. "வருத்தப்படறாராம்! என்னைப் பாத்து அவர் வருத்தப்படறாராம், யூரியான்!" எதிரே இருந்த ஒரு பெண் புத்தகத்தைத் தாழ்த்தி, ஜன்னலில் ஒட்டியிருந்த எழுத்தைக் காட்டினாள். அமைதிப் பெட்டி, பேசக் கூடாது. நாலா பக்கமிருந்தும் "உஷ்" என்றார்கள்.

"மன்னிச்சுக்கோங்க" என்று மினா எல்லோரிடமும் தனித்தனியாகத் தலையசைத்தாள். பையை எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே கதவோரம் போய் நின்றாள். கதவு சாத்திக்கொண்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தாள்.